பறக்கும் ரயிலில் போய்ப் பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரமாக நடக்க: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தென் சென்னையில் துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலையில் காரிலோ பைக்கிலோ போகிறவர்களுக்குப் பள்ளிக்கரணைச் சதுப்பு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் நாணல், தூரத்தில் வெள்ளையாக ஏதோ பறவைகள், அப்புறம் மேம்பாலம். அதே சாலையை நடந்து கடந்தால் ஒரு காலைப் பொழுது போதாது. அப்படி நடந்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சொந்த வண்டி வேண்டாம். தூண்களின் மேல் ஓடும் பறக்கும் ரயிலும் மாநகரப் பேருந்தும் நல்ல செருப்பும் இருந்தால் போதும்.

இது மலையேற்றம் இல்லை, முழுக்கச் சமதளம். வழக்கமாக நடக்கும் பழக்கம் உள்ள யாரும், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் நடந்துவிடலாம். இது சதுப்புக்குள் இறங்குவதற்கான வழிகாட்டியும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் வனத்துறையின் காப்புக்காடு. அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைப்பது சட்டப்படி தவறு. உள்ளே போகவேண்டிய தேவையும் இல்லை. இந்தச் சதுப்பில் பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி சாலையிலிருந்தே தெரியும்.

எந்த இடத்தை ஒட்டி நடக்கிறோம்

கிளம்புவதற்கு முன் இந்த நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் நடை இரண்டு மடங்கு சுவையாக இருக்கும்.

தென் சென்னையின் மேற்குப் பக்கத்தில் நிறைய ஏரிகள். கீழ்க்கட்டளை, நாராயணபுரம், மேடவாக்கம், சித்தாலப்பாக்கம், பெரும்பாக்கம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு, அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்கு என்று தண்ணீர் கிழக்கே இறங்கி வரும். கடைசியில் எல்லாம் வந்து சேரும் தாழ்வான தட்டுதான் பள்ளிக்கரணைச் சதுப்பு. அங்கே தண்ணீர் பரந்து நின்று, மெதுவாகத் தென்கிழக்கே நகர்ந்து, ஒக்கியம் மடுவு என்ற வடிகால் வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்கிறது. அங்கிருந்து தெற்கே ஓடி முட்டுக்காடு, கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது.

இந்த ஒரு பாதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏரி, சதுப்பு, மடுவு, கால்வாய், கடல். நாம் நடக்கப்போவது இந்தத் தண்ணீர்ப் பாதையின் நடுப்பகுதியை ஒட்டி. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் வீடுகளுக்குள் ஏன் தண்ணீர் புகுந்தது என்பதற்கு வரைபடத்தைவிட இந்த நடை நல்ல விளக்கம் தரும் என்பது என் உறுதியான எண்ணம். மழைநீர் பரவிக்கொள்ள வேண்டிய தட்டில் சாலையும் கட்டடமும் குப்பைமேடும் எவ்வளவு இடத்தை எடுத்துக்கொண்டன என்பது கண்ணெதிரே தெரியும்.

2007இல் சதுப்பின் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சுமார் 1,248 ஹெக்டேர் பரப்போடு இடம்பிடித்தது. பிச்சாவரம் அலையாத்திக் காடும் கரிக்கிலி பறவைகள் சரணாலயமும் அதே அறிவிப்பில்தான் வந்தன. அதற்குமுன் தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் இருந்தது கோடியக்கரை ஒன்றுதான். இவ்வளவு பெரிய நகரத்துக்குள், பேருந்து ஓடும் சாலையின் ஓரத்தில் ஒரு ராம்சார் நிலம் இருப்பது அபூர்வம். அதை நம் ஊர்க்காரர்களே நின்று பார்க்காமல் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

எப்போது போவது

நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை. வடகிழக்குப் பருவமழையில் சதுப்பு நிரம்பும். வடக்கிலிருந்து வலசை வரும் வாத்துகளும் உள்ளான்களும் அந்தச் சமயத்தில் இங்கே இருக்கும். ஜனவரி, பிப்ரவரி எனக்குப் பிடித்த மாதங்கள். தண்ணீர் வற்றத் தொடங்கிச் சேற்றுத் திட்டுகள் வெளியே தெரியும்போது கரைப்பறவைகள் குவியும், பூநாரைகள் வந்தாலும் நின்று பார்க்க முடியும். ஏப்ரல், மே மாதங்களில் பறவைகள் இல்லாமல் இல்லை; ஆனால் நிழலே இல்லாத சாலையில் எட்டு மணிக்குமேல் நிற்க முடியாது. முதல் முறை போகிறவர்கள் அந்த மாதங்களைத் தவிர்த்துவிடலாம்.

கனமழை எச்சரிக்கை இருக்கும் நாளில் போகவே வேண்டாம். ஏரிகள் வழிந்தால் இந்தப் பகுதிச் சாலைகளில்தான் முதலில் தண்ணீர் ஏறும்.

நேரம் என்றால் காலைதான். ஜனவரியில் சென்னையில் சூரியன் ஆறரை மணிவாக்கில் உதிக்கிறது. அப்போது சாலையில் கால் வைத்திருந்தால் ஒன்பதரைக்குள் நடையை முடித்து, வெயில் ஏறுவதற்குள் பேருந்தில் உட்கார்ந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை போனால் ரேடியல் சாலையில் வண்டிகள் குறைவு. பறக்கும் ரயிலும் அன்று குறைவாகத்தான் ஓடும் என்பதால் முந்தைய இரவே நேர அட்டவணையைப் பார்த்துவிடுங்கள்.

எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் நடப்பது

இதைப் பலரும் யோசிப்பதில்லை. ரேடியல் சாலை ஏறக்குறைய கிழக்கு–மேற்காகப் போகிறது. காலையில் வேளச்சேரி பக்கமிருந்து தொடங்கினால் மூன்று கிலோமீட்டரும் சூரியனை முகத்தில் வாங்கிக்கொண்டு நடக்க வேண்டும். பறவைகள் எல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். துரைப்பாக்கத்திலிருந்து தொடங்கி மேற்கே நடந்தால் வெளிச்சம் நம் முதுகுப் பக்கம் இருக்கும். ஆகவே காலை நடை துரைப்பாக்கத்திலிருந்து பள்ளிக்கரணைக்கு. மாலையில் போவதாக இருந்தால் அப்படியே தலைகீழ்.

இன்னொரு நுணுக்கம். குளிர்காலத்தில் சூரியன் தென்கிழக்கில் உதித்துத் தெற்காகச் சாய்ந்தே நகரும். அதனால் சாலையின் தென்புறத்தில் இருக்கும் பறவைகளை முதல் ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். வடபுறத்துப் பறவைகள் காத்திருக்கும்; அவற்றின் மேல் வெளிச்சம் எப்போதும் நன்றாக விழும்.

போய்ச் சேர்வது

முதலில் பறக்கும் ரயில். கடற்கரை நிலையத்திலிருந்து வேளச்சேரி வரை போகும் ரயிலில் ஏறுங்கள். சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, திருமயிலை, மந்தைவெளி, கோட்டூர்புரம் என்று வழியில் எங்கே வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம். இறங்க வேண்டியது திருவான்மியூர் நிலையத்தில். வேளச்சேரி வரை போய்விடாதீர்கள். டிக்கெட் 5 ரூபாயிலிருந்து தொடங்குகிறது. நிலைய கவுன்ட்டரில் எடுக்கலாம், கைபேசியிலும் எடுக்கலாம். 2025இல் வந்த ‘சென்னை ஒன்’ செயலியில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் சேர்த்தே டிக்கெட் போட வசதி இருக்கிறது.

தாம்பரம் பக்கத்திலிருந்து புறநகர் ரயிலில் வருகிறவர்கள் பூங்கா நிலையத்தில் இறங்கி, எதிரே இருக்கும் பூங்கா நகர் நிலையத்தில் பறக்கும் ரயிலுக்கு மாறலாம். ஆனால் அது ரொம்பச் சுற்று. கிண்டியில் இறங்கி, வேளச்சேரி வழியாக ஓ.எம்.ஆர் என்கிற ராஜீவ் காந்தி சாலைக்குப் போகும் 570 பேருந்தைப் பிடித்தால் நேராகத் துரைப்பாக்கத்தில் இறங்கலாம். கோயம்பேட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் அதே 570தான். மெட்ரோவில் வருகிறவர்களுக்கும் கிண்டி வசதி.

அடுத்து பேருந்து. திருவான்மியூர் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் டைடல் பார்க் சிக்னல், ராஜீவ் காந்தி சாலை. சோழிங்கநல்லூர், சிறுசேரி, கேளம்பாக்கம் என்று தெற்கே போகும் எந்தப் பேருந்தும் துரைப்பாக்கத்தில் நிற்கும். ஏறியதுமே நடத்துனரிடம், “அண்ணே, துரைப்பாக்கம் ரேடியல் ரோடு ஜங்ஷன்ல இறங்கணும்” என்று சொல்லிவிடுங்கள். நிறுத்தத்தின் பெயரை எழுதிவைத்துக்கொண்டு தேடுவதைவிட இது நிச்சயமான வழி. சாதாரணக் கட்டணப் பேருந்தில் குறைந்தபட்சம் 5 ரூபாய், சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் இளஞ்சிவப்பு வண்ணம் அடித்த சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. மகளிர் குழுவாகக் கிளம்பினால் இந்த நடைக்கு ரயில் டிக்கெட்டும் டீயும்தான் செலவு.

கழிப்பறைக்குப் போக வேண்டியவர்கள் ரயில் நிலையத்திலோ துரைப்பாக்கத்தில் ஏதாவது ஓட்டலிலோ போய்விட்டுக் கிளம்புவது நல்லது. சாலையின் நடுப்பகுதியில் ஒன்றும் கிடைக்காது. துரைப்பாக்கத்தில் இட்லி, பொங்கல் கிடைக்கும் கடைகள் காலையிலேயே திறந்திருக்கும். வயிற்றுக்குக் கொஞ்சம் போட்டுக்கொண்டு நடப்பதுதான் சரி.

தொடங்கும் முன் மடுவுக்கு ஒரு நடை

உங்களுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் இருந்தால் துரைப்பாக்கத்தில் இறங்காமல் அதே பேருந்தில் இன்னும் கொஞ்சம் தெற்கே போங்கள். காரப்பாக்கத்துக்கு முன்னால் ஓ.எம்.ஆரில் ஒரு பாலம் வரும். அதுதான் ஒக்கியம் மடுவு. பாலத்தின் மேலிருந்து மேற்கே பார்த்தால் சதுப்பிலிருந்து வரும் தண்ணீர். கிழக்கே பார்த்தால் பக்கிங்காம் கால்வாயை நோக்கிப் போகும் தண்ணீர். இருநூற்றைம்பது சதுர கிலோமீட்டர் நிலத்தில் பெய்யும் மழைக்கு முக்கியமான வடிகால் இந்த ஒரு இடுக்குதான் என்பதை அங்கே நின்று யோசித்துப் பாருங்கள். மடுவில் ஆகாயத்தாமரை அடைத்திருந்தால் மேலே வேளச்சேரியில் என்ன ஆகும் என்பது தானாகப் புரியும்.

அங்கிருந்து வடக்கே ஒன்றரை கிலோமீட்டர் போல நடந்தால் ரேடியல் சாலைச் சந்திப்பு. ஆனால் ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலை நடக்கும் இடங்களில் நடைபாதை உடைந்தும் மறைத்தும் கிடக்கிறது. பிள்ளைகளோடு வருகிறவர்கள் மடுவைப் பார்த்துவிட்டுத் திரும்பப் பேருந்திலேயே சந்திப்புக்கு வந்துவிடுங்கள். இரண்டு நிறுத்தம் நடப்பதால் பெரிதாக எதுவும் கிடைத்துவிடாது.

ரேடியல் சாலையில்

சந்திப்பிலிருந்து மேற்கே, பல்லாவரம் திசையில் நடக்கத் தொடங்குங்கள். பள்ளிக்கரணை காமாட்சி மருத்துவமனைச் சந்திப்பு வரை மூன்று, மூன்றரை கிலோமீட்டர். முதல் பகுதி கடைகளும் அடுக்குமாடிகளும் அலுவலகங்களும்தான். அதைச் சீக்கிரம் கடந்துவிடுங்கள். கட்டடங்கள் விட்டுப்போய் இரண்டு பக்கமும் வானம் திறக்கும் இடத்திலிருந்து நடையை மெதுவாக்க வேண்டும்.

இந்தச் சாலை அகலமானது, வண்டிகள் வேகமாக வரும். நடைபாதை இருக்கும் இடத்தில் அதை விட்டு இறங்காதீர்கள். இல்லாத இடத்தில் வண்டிகள் எதிரே வரும் பக்கமாக, ஓரத்தை ஒட்டி, ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். சாலையைக் கடப்பது சிக்னல் உள்ள சந்திப்பில் மட்டும். மறுபக்கம் ஒரு நல்ல பறவை தெரிந்துவிட்டது என்பதற்காகத் தடுப்புச்சுவரைத் தாண்டி ஓடுவது உயிரோடு விளையாடுவது. பைனாகுலரைக் கண்ணில் வைத்தபடி நடக்கவும் கூடாது. நின்று பாருங்கள், எடுத்துவிட்டு நடங்கள். பிள்ளைகளை எப்போதும் உங்களுக்கும் வேலிக்கும் நடுவில் விடுங்கள்.

வடக்கே பார்த்தால் தூரத்தில் பெருங்குடிக் குப்பைமேடு. பல பத்தாண்டுகளாகத் தென் சென்னையின் குப்பை இந்தச் சதுப்பின் மேல்தான் கொட்டப்பட்டது. இப்போது பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து எடுக்கும் பயோமைனிங் வேலையை மாநகராட்சி செய்துவருகிறது. மேட்டுக்கு மேலே வட்டமிடும் கள்ளப்பருந்துகளும் அங்கே மேயும் உண்ணிக்கொக்குகளும் இங்கிருந்தே தெரியும். வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில் நாற்றம் சாலைக்கு வரும். ஒரு முகக்கவசம் பையில் இருக்கட்டும். நாற்றத்துக்காகத் திரும்பிப் போய்விடாதீர்கள். நாம் வீசியதும் நாம் காக்க நினைப்பதும் ஒரே பார்வையில் தெரியும் இடம் இந்த நகரத்தில் வேறு இல்லை. அதனால்தான் பள்ளி மாணவர்களை இங்கே அழைத்துவர வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

தெற்கே திரும்பினால் திறந்த தண்ணீர், சம்பு, நாணல், கோரை. இங்கேதான் நேரத்தைச் செலவிட வேண்டும். நூறு மீட்டருக்கு ஒரு முறை நில்லுங்கள். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் அசையாமல் இருங்கள். முதல் நிமிடத்தில் நாலு கொக்கு தெரியும். ஐந்தாவது நிமிடத்தில் நாணல் ஓரத்தில் ஒளிந்திருந்தவை ஒவ்வொன்றாக வெளியே வரும். சதுப்புப் பறவைகள் சாலை வண்டிகளுக்குப் பழகியவை. லாரி போனாலும் அசையாது. ஆனால் நடந்துபோகும் மனிதர் திடீரென்று நின்று கையை நீட்டினால் பறந்துவிடும். கையை நீட்டாமல் வாயால் திசையைச் சொல்லிப் பழகுங்கள்.

முதல் முறை எதையெல்லாம் பார்க்கலாம்

பறவை பார்த்துப் பழக்கம் இல்லாதவர்கள் பட்டியலைக் கண்டு மலைத்துப்போக வேண்டாம். முதலில் பெரியவற்றிலிருந்து தொடங்குங்கள்.

கூழைக்கடாவை யாரும் தவறவிட முடியாது. பெரிய சாம்பல் வெள்ளை உடல், அலகுக்குக் கீழே தொங்கும் பை. கூட்டமாக நீந்தி மீனை ஒரு பக்கமாக ஒதுக்கி அள்ளும். மஞ்சள் நிற நீண்ட அலகும் வால் பக்கம் இளஞ்சிவப்புச் சிறகும் இருந்தால் மஞ்சள்மூக்கு நாரை. மூடிய அலகின் நடுவில் ஒரு இடைவெளி தெரிந்தால் அது நத்தைகுத்தி நாரை. பெயர் சொல்வதுபோல் நத்தைதான் அதன் முக்கிய உணவு. வெள்ளை உடல், கறுத்த மொட்டைத் தலை, வளைந்த அலகு என்றால் அரிவாள்மூக்கன். கழுத்தை மட்டும் வெளியே நீட்டிப் பாம்புபோல் நீந்துவது பாம்புத்தாரா. வெளியே வந்து இறக்கையை விரித்துக் காயவைத்தபடி நிற்கும்போது அதைப் பார்க்க நல்ல வாய்ப்பு.

அடுத்து தண்ணீரில் மிதக்கும் சின்னவை. உடல் முழுக்கக் கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை என்றால் நாமக்கோழி. அது பெரிய கூட்டமாக இருக்கும். அதன் நடுவே மூழ்கி மூழ்கி எழும் குட்டிப் பறவை முக்குளிப்பான்; எங்கே மூழ்கியதோ அங்கே எழாது, ஆகவே கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். நாணல் ஓரத்தில் நீல உடலும் சிவப்பு அலகுமாக நிதானமாக நடப்பது நீலத் தாழைக்கோழி. இந்தச் சதுப்பில் மிகச் சுலபமாகக் கிடைக்கும் அழகு அதுதான். ஆண்டு முழுக்க இங்கே இருக்கும் வாத்து புள்ளிமூக்கு வாத்து. அலகின் நுனி மஞ்சளாக இருக்கும். குளிர்காலத்தில் அதனுடன் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் சேர்ந்துகொள்ளும். அவை மத்திய ஆசியா, சைபீரியா போன்ற வடதிசை நிலங்களிலிருந்து வருகிறவை.

தண்ணீர் ஆழம் குறைந்த இடத்தில் மெல்லிய இளஞ்சிவப்பு நீள்கால்களில் நடப்பது நெடுங்கால் உள்ளான். மிதக்கும் இலைகள்மேல் நடப்பது நீளவால் இலைக்கோழி. இனப்பெருக்கக் காலத்தில்தான் அந்த நீண்ட வால் இருக்கும். குளிர்காலத்தில் வால் இல்லாமல் பழுப்பாக நிற்பதும் அதே பறவைதான். முட்டையை அடைகாப்பதும் குஞ்சுகளைப் பார்த்துக்கொள்வதும் ஆண் பறவை. இதை நேரில் காட்டினால் பிள்ளைகள் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள்.

பூநாரை எல்லா நாளும் இருக்காது. இருந்தால் தூரத்தில் ஆழமில்லாத தண்ணீரில் தலைகீழாக அலகை வைத்து மேய்ந்துகொண்டிருக்கும். அதைப் பார்ப்பதற்காக மட்டும் வந்தால் ஏமாற்றம் வரலாம். ஒரு சேற்றுப் பூனைப்பருந்து நாணலுக்கு மேல் தாழப் பறந்து வரும்போது என்ன நடக்கிறது என்று கவனிப்பதைத்தான் நான் பரிந்துரைப்பேன். அதுவரை எங்கே இருக்கின்றன என்றே தெரியாத நூற்றுக்கணக்கான வாத்துகள் ஒரே நேரத்தில் எழும்பும். சதுப்பில் எவ்வளவு உயிர் இருக்கிறது என்பது அந்த அரை நிமிடத்தில் தெரியும்.

பெயர் கண்டுபிடிக்க மெர்லின் என்ற இலவசச் செயலி உதவும். பார்த்ததைப் பதிவு செய்ய ஈபேர்ட். இரண்டையும் வீட்டிலேயே இறக்கி, இந்தியப் பறவைகளுக்கான தொகுப்பையும் ஏற்றிவைத்துக்கொள்ளுங்கள். பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8க்கு 42 என்ற அளவு தொடக்கக்காரருக்குப் போதும். நாலு பேருக்கு ஒன்று இருந்தாலே நடை நன்றாக இருக்கும். இல்லாமலும் போகலாம். கூழைக்கடாவுக்கும் நாரைக்கும் கண்ணே போதும்.

பையில்

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, முகக்கவசம், கொஞ்சம் வேர்க்கடலை அல்லது வாழைப்பழம். தோல் உட்பட எல்லாவற்றையும் திரும்பப் பையிலேயே போட்டுக்கொள்ள ஒரு உறை. உடை பச்சை, பழுப்பு, காக்கி போன்ற மங்கலான நிறத்தில் இருக்கட்டும். காலணி அடி தேயாததாக இருக்க வேண்டும். நடைபாதைக் கல் பல இடங்களில் ஏறி இறங்கும். குப்பைமேட்டுப் பக்கத்துச் சாலைகளில் தெருநாய்கள் கூட்டமாகத் திரியும், ஆகவே கையில் பிரித்த சாப்பாட்டோடு நடக்க வேண்டாம். தனியாகப் போவதைவிட இரண்டு மூன்று பேராகப் போவது நல்லது. கூட்டம் பத்துப் பேருக்குமேல் போனால் பேச்சுச் சத்தமே பறவைகளை விரட்டிவிடும்.

செய்யக் கூடாதவை

வேலி உடைந்திருந்தாலும் உள்ளே போகாதீர்கள். சட்டம் ஒரு காரணம். இன்னொரு காரணம், மேலே புல் தெரியும் இடத்தில் கீழே இடுப்பளவு சேறு இருக்கும். நாணல் ஓரங்களில் பாம்புகளும் உண்டு. ட்ரோன் பறக்கவிடக் கூடாது. பறவைகளுக்கு முறுக்கு, ரொட்டி எதுவும் போடக் கூடாது. கூட்டைக் கண்டால் படம் எடுக்க நெருங்க வேண்டாம், இருப்பிடத்தைச் சமூக ஊடகத்தில் போடவும் வேண்டாம். குரலைப் பதிவிலிருந்து ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் அது அவற்றுக்குப் பெரிய தொல்லை.

யாராவது சதுப்பில் கட்டட இடிபாடு கொட்டுவதையோ, வலை வைத்துப் பறவை பிடிப்பதையோ பார்த்தால் நீங்களே போய்ச் சண்டை போட வேண்டாம். இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு வனத்துறையிடம் சொல்லுங்கள். பள்ளிக்கரணையில் வனத்துறை ஆட்கள் இருக்கிறார்கள், புகார் கொடுத்தால் பதிவாகும்.

முடித்துவிட்டுத் திரும்ப

காமாட்சி மருத்துவமனைச் சந்திப்பில் ரேடியல் சாலை, வேளச்சேரி–தாம்பரம் சாலையைச் சந்திக்கிறது. கால் இன்னும் தெம்பாக இருந்தால் வனத்துறை 2021இல் திறந்த சூழலியல் பூங்காவுக்குப் போகலாம். இந்தப் பகுதியில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். வண்டி பயமில்லாமல் நடக்கவும் உட்காரவும் அங்கே பாதையும் இருக்கைகளும் உண்டு. வயதானவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் அழைத்து வருகிறவர்கள் ரேடியல் சாலை நடையையே விட்டுவிட்டு, நேராகப் பேருந்தில் பூங்காவுக்கு மட்டும் வருவதுகூட நல்ல திட்டம். திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

திரும்பும்போது வேளச்சேரி–தாம்பரம் சாலையில் ஓடும் 51 வரிசைப் பேருந்துகள்தான் கைகொடுக்கும். வடக்கே போகும் பேருந்தில் ஏறினால் கைவேலி தாண்டி மூன்று கிலோமீட்டரில் வேளச்சேரி விஜயநகர். அங்கிருந்து வேளச்சேரி பறக்கும் ரயில் நிலையம் நடந்து போகும் தூரம்தான். தெற்கே போகும் 51இல் ஏறினால் மேடவாக்கம் வழியாகத் தாம்பரம் கிழக்கு. புறநகர் ரயில்காரர்களுக்கும், கிளாம்பாக்கத்தில் வெளியூர்ப் பேருந்து பிடிக்க வேண்டியவர்களுக்கும் அது சுலபம்.

வேளச்சேரியிலிருந்து ரயிலில் கடற்கரை நோக்கிப் போகிறவர்கள் வலப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த நிலையமான பெருங்குடியில் தண்டவாளம் உயரத்தில் இருப்பதால் சதுப்பின் வட ஓரம் மேலிருந்து தெரியும். காலையில் சாலையிலிருந்து பார்த்த அதே நிலம் எவ்வளவு துண்டுதுண்டாகிக் கிடக்கிறது என்பதை அந்த உயரத்திலிருந்துதான் பார்க்க முடியும்.

இந்த நடை பிடித்துப்போனால் அடுத்ததாகப் பெரும்பாக்கம் போங்கள். ஓ.எம்.ஆரில் சோழிங்கநல்லூர் வரை பேருந்து, அங்கிருந்து மேடவாக்கம் போகும் பேருந்தில் பெரும்பாக்கம். சாலையை ஒட்டியே ஏரியும் ஈரநிலமும் இருக்கின்றன. வண்டி நெரிசல் ரேடியல் சாலையைவிடக் கொஞ்சம் குறைவு. குளிர்காலத்தில் வாத்துகளை இன்னும் நெருக்கமாகப் பார்க்கலாம். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். ஒரு இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி ஈபேர்டில் ஏற்றினால் நீங்களும் அதில் சேர்ந்துவிட்டீர்கள். நாமக்கோழியும் முக்குளிப்பானும் மட்டும் தெரிந்தாலும் பரவாயில்லை, அவற்றை எண்ணி எழுதுங்கள். வழக்கமாகக் கிடைக்கும் பறவைகளின் எண்ணிக்கை குறைகிறதா கூடுகிறதா என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.